பேசாச் சிறுவனும் ஓயாத தானியங்கிகளும்

ஜவ்வாது மலையின் காட்டுக்குள் காவலூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கிகளை நிறுவுவதற்கு அவ்வூரைத் தேர்ந்தெடுத்தார். தெளிந்த வானம் ஒரு காரணம். சுற்றிலும் விளக்குகள் இல்லாத இருள் மற்றொரு காரணம். 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் அருகே கடந்து செல்வதை அதன் வழியே நோக்கிக்கொண்டிருந்தபோது, விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது பதிவாயிற்று. உலகின் வேறு இடங்களில், குறிப்பாக வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினரிடம், இவ்வாறான பதிவுகள் இருந்தன. அவற்றை ஒப்பிட்டதில் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகுக்குத் தெரிந்தது. சில நொடிகளே நீடித்த ஒரு மங்கலைக் காண முடிந்தமைக்கு அந்த மலையின் இருளும் துணை நின்றது.

இலக்கியம் பேசும் இடத்தில் தொலைநோக்கி எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதே மலையில் பிறந்த மாணவி ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்வதற்காகவே இந்த முன்னுரை.

அவள் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். நம்மிடம் தமிழ் படித்தாள்; பிறகு தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். தமிழ்ச் சொற்பிழை திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் ஒரு பிழை இருப்பதைக் கண்டாள். ‘வந்துக் கொண்டிருந்தான்’ என்று எழுதினால் அந்த மென்பொருள் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டது. உகரத்தில் முடியும் வினையெச்சங்கள் அனைத்தின் பின்னும் வல்லினம் மிகும் என்று யாரோ விதி எழுதிவைத்திருந்தார்கள். ‘எடுத்துக் கொடுத்தான்’ என்பதில் மிகும். அது வன்தொடர்க் குற்றியலுகரம். ‘வந்து கொடுத்தான்’, ‘செய்து கொடுத்தான்’ என்பவற்றில் மிகாது. அவை முறையே மென்தொடரும் இடைத்தொடரும். நாளிதழ்களிலும் அரசு அறிவிப்புகளிலும் நாள்தோறும் காணும் பிழை இது. அவள் முப்பது வரிகளில் அதைத் திருத்தினாள். ஈற்றெழுத்துக்கு முன்னுள்ள மெய் வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று பார்த்து முடிவு செய்யும் திருத்தம். இலக்கணப் பகுதியை நம்மிடம் தொலைபேசியில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, மறுஆய்வுக்கு அனுப்பிவைத்தாள்.

நிரலுலகில் இதற்கென்று ஒரு முறைமை உண்டு. ஒருவர் எழுதிய திருத்தம் நேரடியாக மென்பொருளில் சேர்ந்துவிடாது. மற்றவர்கள் அதை வரிவரியாகப் படித்துக் கருத்துரைப்பர், எழுதியவர் மறுமொழி தருவார், மாற்றுவார், பிறகே சேர்க்கப்படும். 1976இல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் இத்தகைய ஆய்வை ஒழுங்கான ஒரு நடைமுறையாக வகுத்து வெளியிட்டார். அன்று அது ஓர் அறையில் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை. 2008இல் தொடங்கிய கிட்ஹப் போன்ற தளங்கள் அதே வேலையை முகம் காணாதவர்களுக்கு இடையிலும் இயலச் செய்தன. மலையில் இருப்பவளும் மாநகரில் இருப்பவரும் ஒரே வரியைப் பற்றி உரையாடலாம் என்பது எளிய பேறன்று.

அவள் வீட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. மலைப்பாதையின் ஒரு வளைவு வரை நடந்துபோனால் கிடைக்கும். மறுநாள் மாலை அங்கே நின்று பார்த்தபோது அவளுக்குப் பதினொரு மறுமொழிகள் வந்திருந்தன. ஊர் முழுவதும் கூடி வந்து தன் எழுத்தைப் படித்ததைப் போல அவள் மகிழ்ந்திருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது, பதினொன்றும் தானியங்கிகள் எழுதியவை என்று.

ஒன்று, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் அவள் கையொப்பம் இடவில்லை என்றது. ஒன்று, தலைப்பு உரிய வடிவில் இல்லை என்றது. ஒன்று, நான்கு வரிகள் அளவுக்கு மேல் நீண்டுவிட்டன என்று நான்கு தனித்தனிக் கருத்துகளாகச் சொன்னது. ஒன்று, சோதனைகள் தொடும் நிரலின் பங்கு நூற்றில் ஒரு பங்கின் சிறு பின்னம் குறைந்துவிட்டதென்று நீண்ட அட்டவணை போட்டது. செயற்கை நுண்ணறிவு ஒன்று, அவள் என்ன செய்திருக்கிறாள் என்பதை அவளுக்கே மூன்று பத்திகளில் விளக்கிப் பாராட்டிவிட்டு, எல்லா உகர ஈற்று வினையெச்சங்களுக்கும் ஒரே விதியை வைத்தால் நிரல் எளிமையாகும் என்று ஆலோசனை சொன்னது. அவள் திருத்தப் புறப்பட்ட பிழையே அதுதான்.

அவள் ஒவ்வொன்றுக்கும் பணிவாக மறுமொழி எழுதினாள். திருத்தி அனுப்பும்போதெல்லாம் எல்லாத் தானியங்கிகளும் மீண்டும் ஒருமுறை பேசின. ‘ஐயா, நான் எது செய்தாலும் குற்றமாகவே இருக்கிறது’ என்று நம்மிடம் சொன்னாள். பிறகு மழைக்காலம் வந்தது. மின்சாரமும் அலையும் இல்லாத நாட்கள். மூன்று வாரம் கழித்து அவள் பார்த்தபோது, நெடுநாள் அசைவில்லை என்று கூறி இன்னொரு தானியங்கி அவளுடைய கோரிக்கையை மூடியிருந்தது.

அந்தக் குவியலுக்கு நடுவில், நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகளுக்கு இடையே, ஒரு மனிதர் எழுதிய ஒற்றை வரியும் இருந்தது. ‘வாங்கிக் கொடுத்தான் என்பதில் உங்கள் சோதனை என்ன செய்யும்?’ என்று அவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. ‘வாங்கி’ என்பதிலும் ஈற்றெழுத்துக்கு முன் நிற்பது மெல்லின மெய்தான். ஆனால் அது இகர ஈறு, ஆகவே வல்லினம் மிகும். ஈறு உகரமா என்று முதலில் பார்க்க அவள் மறந்திருந்தாள். அவளுடைய திருத்தம் ஒரு பிழையை நீக்கி இன்னொன்றைக் கொண்டுவந்திருந்தது. இலக்கணத்தை உறுதி செய்துகொடுத்த நாமும் அதைக் கவனிக்கவில்லை. முழு மறுஆய்வும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

இது ஒரு பெண்ணின் தனிப்பட்ட துயரம் என்று ஒதுக்கத் தோன்றலாம். ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. மைரியேலி வெசலும் அவருடைய குழுவினரும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பணிபுரிவோரிடம் பேசி 2021இல் வெளியிட்ட ஆய்வு, மறுஆய்வுக் கோரிக்கைகளில் தானியங்கிகள் எழுப்பும் இரைச்சலையே தலையாய இடராகக் குறிப்பிடுகிறது. மிகுதியான சொற்கள், கேட்காமலே செய்யும் செயல்கள், மனிதரின் உரையாடலை மறைத்துவிடும் குவியல் ஆகியவை அதன் முகங்கள். புதிதாக வருவோரை அது மேலும் மருட்டும். பழகியவர்களுக்கு எதைத் தள்ள வேண்டும் என்று தெரியும். புதியவர் எல்லாவற்றையும் மெய்யென்று எண்ணிக் கைகட்டி நிற்பார்.

தமிழ் மரபில் நூலை அவையில் வைத்துச் சோதிப்பது புதிதன்று. அரங்கேற்றம் என்பதே ஒரு மறுஆய்வுதான். இறையனார் களவியலுரையின் முகப்பில் வரும் கதையை இங்கே நினைவுகூரலாம். சூத்திரங்களுக்கு நாற்பத்தொன்பது புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்தனர். எது மெய்யுரை என்று காண்பதற்கு, உருத்திரசன்மன் என்னும் பேசாச் சிறுவனை மேலிருத்தி அவன் முன் ஒவ்வொருவராக உரையைப் படித்தனர். பொருந்தா உரைகளுக்கு அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் மெய் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்தான். கதையின் புராணத் தன்மை ஒருபுறம் இருக்கட்டும். அதற்குள் இருக்கும் மதிப்பீட்டு முறையை நாம் பெரிதும் வியக்கிறோம். அச்சிறுவன் எல்லாவற்றுக்கும் ஏதேனும் ஒரு குறிப்புக் காட்டியிருந்தால், அவன் கண்ணீருக்குப் பொருள் இருந்திராது. பிற இடங்களில் அவன் காத்த மௌனமே கண்ணீரைத் தீர்ப்பாக்கியது.

இவ்வளவு சொன்னதால் யந்திரங்களை விலக்கிவிட வேண்டும் என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. அவற்றுக்கு நியாயம் உண்டு. பெல் ஆய்வகத்தில் 1978இல் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய லின்ட் என்னும் கருவியிலிருந்து இந்தப் பரம்பரை தொடங்குகிறது எனலாம். மனிதக் கண் சோர்ந்து தவறவிடும் பிழைகளை அது சோராமல் பிடித்தது. கட்டற்ற திட்டங்களைப் பேணுவோரில் பெரும்பாலோர் ஊதியமின்றி இரவில் உழைப்பவர்கள். நூறு பேர் அனுப்பும் திருத்தங்களில் வரி நீளத்தைக்கூட அவர்களே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கொடுமை. யந்திரம் எப்போது பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும், அதன் பேச்சுக்கு யார் பொறுப்பு என்பவையே நாம் கேட்க விரும்பும் கேள்விகள்.

பெருநிறுவனங்கள் இதைத் தம் அனுபவத்தில் கற்றிருக்கின்றன. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2019இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. தங்கள் பிழைகாண் கருவி கண்ட பிழைகளைப் பட்டியலாக்கித் தனியே கொடுத்தபோது ஏறத்தாழ ஒருவரும் திருத்தவில்லை. அதே கருவியின் கண்டுபிடிப்புகளை, நிரலாளர் அந்த வரியை மாற்றி மறுஆய்வுக்கு அனுப்பும் வேளையில் காட்டியபோது, நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை திருத்தப்பட்டன. காலமும் இடமும் அறிந்து சொன்னதே வேறுபாட்டுக்குக் காரணம்.

கூகுள் நிறுவனத்தார் 2018இல் எழுதியது இன்னும் கண்டிப்பானது. மறுஆய்வில் தோன்றும் ஒவ்வொரு தானியங்கிக் கருத்தின் அருகிலும் ‘பயனில்லை’ என்று சொல்ல ஒரு பொத்தான் வைத்தார்கள். யந்திரம் சொன்னது தருக்கப்படி சரியா என்று அவர்கள் பார்க்கவில்லை. படித்தவர் அதனால் ஏதேனும் செய்தாரா என்று பார்த்தார்கள். செய்யவில்லை எனில் அது பொய்யெச்சரிக்கைக்குச் சமம். அவ்வாறானவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டும் சோதனைக்கு மறுஆய்வில் இடமில்லை. சரியாகச் சொன்னாலும் பயனில்லாமல் சொன்னால் குற்றம் என்னும் இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று. பயனில சொல்லாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் சேர்த்திருக்கிறார்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களித்தவர்களுக்கு இன்னொரு தீர்வும் தெரிந்திருக்கும். 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் ஒரு காலத்தில் பிறமொழி இணைப்புகளைச் சேர்க்கும் தானியங்கிகள் ஓயாது உழைத்தன. அவற்றுக்குத் ‘தானியங்கி’ என்னும் அடையாளம் கொடுக்கப்பட்டது. அவ்வடையாளம் உள்ள கணக்குகளின் தொகுப்புகள் அண்மைய மாற்றங்களின் பட்டியலில் இயல்பாகத் தோன்றுவதில்லை. விரும்புவோர் திறந்து பார்க்கலாம். மனிதரின் தொகுப்பு மனிதர் கண்ணில் படுவதற்கான ஏற்பாடு இது. பின்னர் 2013இல் பிறமொழி இணைப்புகள் அனைத்தும் விக்கித்தரவு என்னும் ஒரே இடத்துக்கு மாறின. அத்துடன் அந்தத் தானியங்கிகளுக்கு வேலையே இல்லாது போயிற்று. இரைச்சலை ஒளித்துவைப்பது ஒரு வழி. இரைச்சலுக்கான தேவையையே நீக்குவது அதனினும் மேலான வழி.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் சிக்கல் வேறொரு உருக்கொண்டுவிட்டது. பழைய தானியங்கி குறைந்தது ஒரே பல்லவியைப் பாடியது. அடையாளம் கண்டு தள்ளிவிடலாம். புதியது மனிதரின் நடையில், முழு நம்பிக்கையோடு, நீளமாகப் பேசுகிறது. அதன் கூற்று மெய்யா பொய்யா என்று கண்டறிவதற்கே ஒரு மனிதர் ஒரு பொழுதைச் செலவிட வேண்டும். கர்ல் என்னும் புகழ்பெற்ற கட்டற்ற மென்பொருளைப் பேணும் டேனியல் ஸ்டென்பெர்க், யந்திரம் புனைந்த போலிப் பாதுகாப்புப் பிழை அறிக்கைகளால் சலித்து, 2019 முதல் நடத்திவந்த பரிசுத் திட்டத்தை 2026 ஜனவரியோடு முடித்துக்கொண்டார். ஆனால் அதே ஸ்டென்பெர்க் 2025இல் வேறொன்றையும் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு தேடி அனுப்பிய பட்டியலிலிருந்து ஏறத்தாழ ஐம்பது திருத்தங்கள் அம்மென்பொருளில் சேர்ந்தன. போலி அறிக்கைகளின் பின்னும் யந்திரம் இருந்தது, இப்பட்டியலின் பின்னும் யந்திரம் இருந்தது. பின்னதில் மட்டும், கருவியின் திறம் அறிந்து அதன் கூற்றுக்குத் தன் பெயரைப் பிணையாக வைத்த ஒரு மனிதர் நடுவில் இருந்தார்.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. அவை தொழில்நுட்பம் அறியாதாருக்கும் விளங்கக்கூடியவை.

யந்திரம் தானே திருத்தத் தெரிந்ததைத் திருத்திவிட வேண்டும். அதைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டா. 2009இல் வெளியான கோ மொழி, நிரலை ஒரே வடிவில் அடுக்கும் கருவியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. வரியமைப்பைப் பற்றிய வழக்குகளில் பெரும்பகுதி அங்கே எழவேயில்லை. எல்லாம் நலமாக இருந்தால் ஒரு பச்சைக் குறி போதும். சொல்லியே தீர வேண்டியவற்றை எல்லாத் தானியங்கிகளும் சேர்ந்து ஒரே கருத்தாகத் தொகுத்து வைக்கட்டும். நிலை மாறினால் புதியது எழுதாமல் அதையே மாற்றட்டும். வெசல் குழுவினரும் பின்னர், தானியங்கிகளின் பேச்சைத் தொகுத்துச் சொல்லும் ஒரு தானியங்கியை முன்மொழிந்தனர். எழுதியவர் தொட்ட வரிகளைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்; முன்னோர் செய்த பிழைகளுக்குப் புதியவரைக் கணக்குக் கேட்கலாகாது. ஒவ்வொரு தானியங்கிக்கும் பொறுப்பாக ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். அதன் கருத்துகளில் எத்தனை பயன்பட்டன என்று அவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குப் பார்க்க வேண்டும். முதன்முறையாக வருபவரிடம் முதலில் ஒரு மனிதர் பேச வேண்டும். எக்காரணத்தாலும் அவர் கோரிக்கையை யந்திரம் மூடலாகாது.

வானியலாளர்கள் இவ்வகையில் முன்னோடிகள். 2025 ஜூனில் முதற்படங்களை வெளியிட்ட சிலி நாட்டின் வேரா ரூபின் வான்நோக்ககம், ஒவ்வோர் இரவும் வானில் மாறியவை பற்றிப் பல லட்சம் தானியங்கி அறிவிப்புகளை அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. அவற்றை வடிகட்டி, தேவையானவருக்குத் தேவையானதை மட்டும் சேர்ப்பிக்கும் இடைநிலை அமைப்புகளை அவர்கள் முன்னதாகவே திட்டமிட்டுத் தெரிவு செய்தனர். எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, படிக்காதது உங்கள் குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இந்தக் குற்றச்சாட்டை யந்திரங்களின் மேல் மட்டும் சுமத்தி எழுந்துவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆய்வேடுகளைத் திருத்தும் ஆசிரியர்களாகிய நாம் என்ன செய்து வருகிறோம்? ஒற்று மிகாத இடங்களைச் சுழிக்கிறோம், மேற்கோள் குறி விட்டுப்போனதைச் சுட்டுகிறோம், அடிக்குறிப்பின் வடிவத்தைக் கண்டிக்கிறோம். பக்கம் முழுதும் சிவப்பு. அந்த மாணவர் முன்வைத்த கருத்து நிற்குமா நிற்காதா என்று ஒரு வரி எழுதியிருக்கிறோமா என்று பார்த்தால் பல ஏடுகளில் இராது. எளிதில் காணக்கூடிய குற்றத்தைச் சொல்வது எளிது, உழைத்ததாகவும் தோன்றும். நாம் செய்துவந்ததைத்தான் தானியங்கிகள் இன்று வேகமாகச் செய்கின்றன. ஒப்பீட்டுக்கு உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை எடுத்துப் பாருங்கள். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணி முதலாக, சுவடிகளை ஒப்பிட்டு அவர் கண்ட வேறுபாடுகள் எண்ணிறந்தவை. பாடபேதங்கள் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் நிற்கும். மூலம் மேலே தடையின்றி ஓடும். தேவைப்படுவோர் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். தான் பட்ட பாடு முழுவதையும் வாசகர் முகத்தில் எறிய வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

அந்த மாணவியிடம் திரும்பவும் பேசினோம். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மனிதர் எழுதிய ஒற்றை வரிக்கு மட்டும் மறுமொழி எழுதச் சொன்னோம். மூடிய கோரிக்கையைத் திறக்கும்படி அவள் அவருக்கு எழுதினாள்; தாமதத்துக்கு மழையே காரணம் என்று ஒரு வரியும் சேர்த்தாள். இரண்டு நாளில் அவர் திறந்தார். ஈறு உகரமா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையை அவள் சேர்த்தாள். ‘வாங்கிக் கொடுத்தான்’ தப்பியது. ‘வந்துக் கொண்டிருந்தான்’ பிழையாயிற்று. திருத்தம் ஏற்கப்பட்டது. தானியங்கிகள் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தன. இம்முறை அவள் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

அவளுக்கு நம் தொலைபேசி எண் தெரிந்திருந்தது. அது தெரியாமல், மூடப்பட்ட கோரிக்கையோடு மலைப்பாதையின் வளைவிலிருந்து வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தானியங்கியும் எண்ணிவைக்கவில்லை.